தங்கத் தாதுவில் வெளிர்மஞ்சள் மென்மணிகள்: பைரைட் இல்லையென்றால் எந்த டெல்லூரைடு?

குவார்ட்ஸ்நரம்பு:

குவார்ட்ஸ், கால்சைட் கலந்த நரம்புத் தாது. பைரைட் (இரும்பு சல்பைடு) நிறைய, சால்கோபைரைட் (செம்பு-இரும்பு சல்பைடு) கொஞ்சம். உலை மதிப்பீட்டில் டன்னுக்கு 10 கிராம் அளவில் தங்கம் வருகிறது. ஆனால் 30 மி.மீ. மவுண்ட்டில் (பிசினில் பதித்து மெருகிட்ட தாது வில்லை) கண்ணுக்குத் தெரியும் தங்கம் இரண்டே துளிதான். பாட்டில் சுழற்றி செய்த சயனைடு சோதனையிலும் பாதித் தங்கம்தான் கரைந்தது.

20 மடங்கு ஆப்ஜெக்டிவில், பைரைட்டின் வெடிப்புகளிலும் கால்சைட்டை ஒட்டியும் 5 முதல் 40 மைக்ரான் வரை இரண்டு விதமான மணிகள் தெரிகின்றன. ஒன்று பளிச்சென்ற பாலாடை நிறம். இன்னொன்று மங்கலான சாம்பல். கலீனா (ஈய சல்பைடு) என்று எழுதிவைத்தேன், இப்போது சந்தேகமாக இருக்கிறது. எல்லாவற்றிலும் மெல்லிய கீறல்கள். நேற்று வெள்ளையாக இருந்த சில மணிகள் இன்று பழுப்பேறிவிட்டன.

மவுண்ட் பேக்கலைட்டில் சூடாக அழுத்தியது. எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குமுன் நுண்ணோக்கியில் எந்த வரிசையில் பார்த்தால் வீண் அலைச்சல் இருக்காது?

எதிரொளி:

நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். டெல்லூரைடுகளில் (டெல்லூரியமும் உலோகமும் சேர்ந்த கனிமங்கள்) முதலில் ஏமாற்றுவது நிறம்தான். அதே காலவரைட் (ஒரு தங்க டெல்லூரைடு) தங்கத்தின் பக்கத்தில் இருந்தால் வெள்ளை, கலீனாவின் பக்கத்தில் இருந்தால் மஞ்சள். பக்கத்தில் எது இருக்கிறது என்று குறிக்காமல் “பாலாடை நிறம்” என்று மட்டும் எழுதினால் அந்தக் குறிப்பால் பயனில்லை. விளக்கின் வோல்டேஜைக் குறைத்துவிட்டு, நீல வடிகட்டியும் போடாமல் பார்த்தால் எல்லாமே மஞ்சளடிக்கும். வடிகட்டியைப் போட்டு, வோல்டேஜை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

முதல் கேள்வி கடினத்தன்மை. பைரைட்டுக்கு மோ அளவில் 6-க்கு மேல். தங்க டெல்லூரைடுகள் எல்லாம் 3-க்குள், அவற்றில் ஒன்றான சில்வனைட் 2-ஐத் தாண்டாது. இரண்டும் தொடும் எல்லையை ஃபோகஸ் செய்து ஸ்டேஜை மெல்லக் கீழே இறக்குங்கள். எல்லையில் ஓடும் ஒளிக்கோடு மென்மையான கனிமத்தின் பக்கம் நகரும். கீறல்களும் சாட்சிதான்: பைரைட்டில் நின்றுபோய், பக்கத்து மணியில் தொடரும் கீறல் இருந்தால் அந்த மணி மென்மையானது. நீங்கள் குறை என்று சொன்ன கீறல்களே இங்கே உதவி. இந்த ஒரே படியில் பைரைட், மார்க்கசைட், ஆர்சனோபைரைட் எல்லாம் கழிந்துவிடும்.

இரண்டாவது பிரகாசம். 546 நானோமீட்டரில் கலீனா சுமார் 43 சதவீதம் எதிரொளிக்கும், பைரைட் 52-ஐ ஒட்டி. காலவரைட் 60-ஐ ஒட்டி இருக்கும். அதாவது பைரைட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பைரைட்தான் மங்கல். மென்மையாகவும் பைரைட்டைவிடப் பளிச்சென்றும் இருந்து, தங்கத்தின் அழுத்தமான மஞ்சளும் இல்லாவிட்டால், டெல்லூரைடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள். உங்கள் சாம்பல் மணி வேறு கூட்டம்: பெட்ஸைட் (வெள்ளி-தங்க டெல்லூரைடு), ஹெஸ்ஸைட் (வெள்ளி டெல்லூரைடு), கொலராடோயைட் (பாதரச டெல்லூரைடு) மூன்றும் ஏறத்தாழ 35 முதல் 42 சதவீதத்துக்குள் அடங்கும். கலீனாவும் அங்கேயேதான் நிற்கும், அதனால்தான் குழப்பம்.

மூன்றாவதுதான் அனலைசர் (நுண்ணோக்கியின் இரண்டாவது முனைவாக்கி). பாலாடைக் கூட்டத்தில்:

சில்வனைட் ஸ்டேஜைச் சுழற்றினாலே காட்டிக்கொடுத்துவிடும். திசைவேறுபாடு (சுழற்றும்போது வெளிச்சமும் நிறமும் மாறுவது) பலமானது, கூடவே அடுக்கடுக்கான இரட்டைப்படிகப் பட்டைகள். நல்ல மெருகு இருந்தால் அனலைசர் இல்லாமலே, ஸ்டேஜைச் சுற்றும்போது பட்டைகள் மாறிமாறி வெளிறுவதைப் பார்க்கலாம்.

காலவரைட்டில் திசைவேறுபாடு பலவீனம். அனலைசரைச் சரியாக 90 பாகையில் வைத்தால் ஒன்றும் தெரியாமல், ‘ஐசோட்ரோபிக்’ (திசைவேறுபாடு இல்லாதது) என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று பாகை விலக்கி வைத்துச் சுழற்றுங்கள். பிளவு (படிகம் நேர்தளமாக உடையும் தன்மை) கிடையாது.

க்ரென்னரைட் நடுவில் நிற்கும். திசைவேறுபாடு காலவரைட்டைவிடத் தெளிவு, ஒரு திசையில் நேர்த்தியான பிளவு, சில்வனைட்டின் பட்டைகள் இல்லை. ஆனால் 10 மைக்ரான் மணியில் பிளவு வெட்டுமுகத்தில் விழாமல் போகலாம். அப்போது காலவரைட்டையும் இதையும் கண்ணால் பிரிப்பது ஊகம்தான். வெறும் “தங்க டெல்லூரைடு” என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

சாம்பல் கூட்டத்தில் ஹெஸ்ஸைட் திசைவேறுபாடு காட்டும், பட்டைகளும் இருக்கும். பெட்ஸைட் சுழற்றும்போது இருண்டே கிடக்கும், அல்லது இலேசாக அசையும். கொலராடோயைட்டும் இருண்டே கிடக்கும். பெட்ஸைட்டையும் அதையும் ஒளியால் மட்டும் பிரிக்கப் போராடாதீர்கள். கலீனாவும் இருட்டுதான், ஆனால் அதன் முக்கோணக் குழிகள் காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. முக்கோணக் குழி அல்டைட்டிலும் வரும், ஈய டெல்லூரைடான அதுவும் கலீனா போலவே கனசதுரமாகப் பிளப்பதால். அது கலீனாவைவிட மிகவும் வெள்ளை. இரண்டும் ஒரே பார்வைப்புலத்தில் இருந்தால் கலீனா அழுக்காகத் தெரியும். கலீனா பக்கத்தில் இல்லாதபோதுதான் அல்டைட்டைக் கலீனா என்று எழுதும் தவறு நடக்கும்.

எண்ணெய் ஆப்ஜெக்டிவ் இருந்தால் எடுங்கள். எண்ணெயில் பிரகாசம் குறையும், நிற வேறுபாடும் திசைவேறுபாடும் கூடித் தெரியும். காற்றில் ஒரே சாம்பலாக இருந்த இரண்டு மணிகள் எண்ணெயில் பிரிந்து நிற்பது உண்டு.

வைரப்பசை:

மேலே சொன்ன எதுவும் மோசமான மெருகில் வேலை செய்யாது. பழுப்பேறியது பற்றி முதலில்: ஹெஸ்ஸைட், பெட்ஸைட், அல்டைட், கொலராடோயைட் எல்லாம் காற்றில் மங்கக்கூடியவை. மங்கிய படலம் பொய்யான நிறத்தையும் பொய்யான திசைவேறுபாட்டையும் தரும். படம் எடுப்பதற்குச் சற்று முன்பு 1 மைக்ரான் வைரத்தில் அரை நிமிடம் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, குளிர்காற்றில் உலர்த்தி, உடனே பாருங்கள். மற்ற நேரத்தில் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய பாத்திரம்) வையுங்கள். ஆனால் மங்கும் வேகத்தை ஒரு தகவலாகவும் குறித்துக்கொள்ளலாம்: பாலாடை மணிகள் அப்படியே இருக்க, சாம்பல் மணிகள் மட்டும் பழுத்தால் வெள்ளி அதிகமான பக்கம் சந்தேகம் வரவேண்டும்.

பேக்கலைட் பற்றி. அந்த அழுத்தி பொதுவாக 150 முதல் 180 செல்சியஸ் வரை போகும். ஹெஸ்ஸைட் 150-ஐ ஒட்டிய வெப்பத்தில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும். ஆறும்போது திரும்பி வந்து புதிய இரட்டைப்பட்டைகளை உண்டாக்கும். கனிமத்தை அடையாளம் காண இது தடையில்லை, ஆனால் பட்டைகளை வைத்துத் தாது எந்த வெப்பத்தில் உருவானது என்று யாரும் இனி பேசமுடியாது. அழுத்தமும் நொறுங்கும் மணிகளை வெடிக்கவைக்கும். அடுத்த மவுண்ட்டை அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸியில், வெற்றிடத்தில் ஊறவைத்துச் செய்யுங்கள். பைரைட் வெடிப்புக்குள் இருக்கும் மணிக்குப் பின்னால் எபாக்ஸி நுழையாவிட்டால், தேய்க்கும்போது மணி பிய்ந்து போய்விடும். நீங்கள் எண்ணுவது மிச்சத்தை மட்டும்.

தேய்ப்பு: சிலிக்கான் கார்பைடு தாளில் 600, பிறகு 1200. அதன்பின் 9, 3, 1 மைக்ரான் வைரம், மயிர் குறைந்த கடினத் துணியில், குறைந்த அழுத்தத்தில். ஒவ்வொரு படிக்கும் நடுவில் மவுண்ட்டையும் கையையும் கழுவுங்கள். மயிர் நீண்ட துணியில் நேரம் கூட்டினால் பைரைட் மேடாகவும் டெல்லூரைடு பள்ளமாகவும் போய்விடும். பள்ளத்தின் சரிவில் பிரகாசத்தைக் கணிக்க முடியாது. கடைசிப் படிக்கு 0.05 மைக்ரான் அலுமினா, ஒன்றிரண்டு நிமிடம். கூழ்நிலை சிலிக்காவில் மெருகு அழகாக வரும்தான், ஆனால் அந்தக் குழம்பு காரத்தன்மை உள்ளது; அதிக நேரம் போனால் வெள்ளி டெல்லூரைடுகளின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

மென்மையான மணிக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவற்றை உட்பொதிவு என்று எண்ணவேண்டாம். பெரும்பாலும் தேய்ப்புத் தாளிலிருந்து உடைந்து குத்திக்கொண்ட கார்பைடு துணுக்கு. அல்ட்ராசோனிக் குளியல் சில விநாடிகளுக்கு மேல் வேண்டாம். பிளவு உள்ள மணிகள் செதில் செதிலாகப் போய்விடும்.

உலைக்குகை:

எஸ்.இ.எம்.முக்குக் காத்திருக்காமல் டெல்லூரியம் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு பழைய சோதனை இருக்கிறது. ஊசியால் சுரண்டிய, அல்லது தட்டில் கழுவி ஒதுக்கிய கனமான தூளில் சில மில்லிகிராம் எடுத்து, சோதனைக்குழாயில் ஒன்றிரண்டு மி.லி. அடர் கந்தக அமிலத்தில் இலேசாகச் சூடாக்குங்கள். டெல்லூரைடு இருந்தால் கருஞ்சிவப்பு படரும். அதிகம் சூடாக்கினால் நிறம் மறைந்துவிடும். செலினியம் என்றால் பச்சை. புகைப்பெட்டிக்குள், கண்ணாடி அணிந்து செய்யவேண்டிய வேலை. முடிந்ததும் ஆறவைத்து, அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுங்கள், தண்ணீரை அமிலத்தில் அல்ல. கால்சைட் கலந்திருந்தால் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக்கில் கரைத்துக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் பொங்கும். கொலராடோயைட் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை திறந்தவெளியில் கரித்துண்டில் வறுக்கும் சோதனை வேண்டாம், பாதரச ஆவி வரும்.

மெருகிட்ட பரப்பில் நைட்ரிக் அமிலச் சொட்டு வைத்துப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். உங்கள் மாதிரியில் வேண்டாம். பக்கத்தில் கால்சைட் நுரைக்கும், அதை மணியின் எதிர்வினை என்று எழுதிவிடுவீர்கள். பைரைட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் மணி மின்கல விளைவால் வேறு மாதிரி அரிக்கும்.

குவார்ட்ஸ்நரம்பு:

எல்லோருக்கும் நன்றி. மீண்டும் மெருகிட்டுப் பார்த்தேன். பாலாடை மணிகளில் பெரும்பாலானவை பலவீனமான திசைவேறுபாடு, பிளவு இல்லை. மூன்று மணிகளில் தெளிவான பட்டைகள். சாம்பல் மணி முழுக்க இருட்டு, முக்கோணக் குழி இல்லை. அமிலச் சோதனையில் சிவப்பு வந்தது.

எஸ்.இ.எம்.மில்தான் குழப்பம். 15 கிலோவோல்ட்டில் எடுத்தது. மென்பொருள் பாலாடை மணியில் தங்கத்தோடு கந்தகத்தையும் காட்டுகிறது. சிறிய மணிகளில் டெல்லூரியமா கால்சியமா என்று மாறிமாறிச் சொல்கிறது. பின்சிதறல் (பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்) படத்தில் சாம்பல் மணியும் பட்டை மணியும் ஒரே வெளிச்சம். இரண்டும் ஒன்றுதானா?

எக்ஸ்கதிர்:

இல்லை. மூன்றும் எதிர்பார்க்கவேண்டிய பொறிகள்.

முதலாவது கந்தகம். தங்கம் வெளியிடும் எக்ஸ்கதிர்களில் எம் வரி 2.12 கிலோ எலக்ட்ரான்வோல்ட், கந்தகத்தின் கே வரி 2.31. இடையில் பாதரசம் 2.20, அப்பால் ஈயம் 2.34, பிஸ்மத் 2.42. இ.டி.எஸ். (எக்ஸ்கதிரின் ஆற்றலை வைத்துத் தனிமங்களைக் காட்டும்) கருவியின் பிரிதிறன் 0.13 அளவில் இருப்பதால் இந்தப் பகுதி முழுவதும் ஒரே மேடாகிவிடும். மென்பொருள் அதற்கு விருப்பப்படி பெயர் வைக்கும். தங்கமும் பாதரசமும் இங்கே பிரியவே பிரியாது. மின்னழுத்தத்தை 20 முதல் 25 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி எல் வரிகளைப் பாருங்கள்: தங்கம் 9.71, பாதரசம் 9.99, ஈயம் 10.55, பிஸ்மத் 10.84. தங்கத்தின் எல் வரியைக் கிளப்பவே 12 கிலோ எலக்ட்ரான்வோல்ட் தேவை, அதனால் 15-இல் அது இருந்தாலும் மெலிந்துபோய்த் தெரியும். 10.55-இல் ஒன்றும் இல்லாவிட்டால் ஈயத்தை அடித்துவிடலாம். கந்தகம் உண்மையிலேயே இருந்தால் அது பக்கத்துப் பைரைட்டிலிருந்து வந்திருக்கலாம், இரும்பின் வரி கூடவே வருகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கால்சியம். டெல்லூரியத்தின் எல்-ஆல்ஃபா 3.77, கால்சியத்தின் கே-ஆல்ஃபா 3.69. அடுத்த வரிகளும் 4.03, 4.01 என்று ஒட்டிக்கொள்ளும். கால்சைட்டுக்குள் இருக்கும் 5 மைக்ரான் மணிக்கு இதைவிட மோசமான ஜோடி கிடையாது. மணியை விட்டு 20 மைக்ரான் தள்ளி வெறும் கால்சைட்டில் ஒரு நிறமாலை எடுத்து, இரண்டையும் மேலே மேலே வைத்துப் பாருங்கள். டெல்லூரியத்துக்கு 4.3, 4.6 பக்கத்திலும் சிறிய வரிகள் உண்டு, கால்சியத்துக்குக் கிடையாது. அதுதான் முடிவு சொல்லும்.

மூன்றாவது வெளிச்சம். பின்சிதறல் வெளிச்சம் சராசரி அணு எண்ணைப் பொறுத்தது. எடை விகிதப்படி கணக்கிட்டால் தங்கம் 79, அல்டைட் 71, கொலராடோயைட் 69, காலவரைட் 64, சில்வனைட் 58, பெட்ஸைட் 57, ஹெஸ்ஸைட் 49. சில்வனைட்டும் பெட்ஸைட்டும் ஒட்டிப் பிறந்தவைபோல் நிற்கும், கலீனா 73-இல் அல்டைட்டோடு நிற்கும். ஆக, உங்கள் பட்டை மணி சில்வனைட், இருண்ட சாம்பல் மணி பெட்ஸைட் என்ற ஊகத்தோடு படம் முரண்படவில்லை. இந்த இடத்தில் எலக்ட்ரானைவிட உங்கள் அனலைசர்தான் நல்ல சாட்சி.

உறுதிக்கு அணு விகிதம் பாருங்கள், எடை சதவீதம் அல்ல. காலவரைட், க்ரென்னரைட், சில்வனைட் மூன்றிலும் (தங்கம் + வெள்ளி) : டெல்லூரியம் 1:2. பெட்ஸைட்டிலும் ஹெஸ்ஸைட்டிலும் அது தலைகீழாக 2:1. சில்வனைட்டா பெட்ஸைட்டா என்பது ஒரே நிறமாலையில் முடிந்துவிடும். பெட்ஸைட்டில் மூன்று வெள்ளிக்கு ஒரு தங்கம். எடையில் தங்கம் 25, வெள்ளி 42 சதவீதம். ஹெஸ்ஸைட்டில் தங்கம் இருக்காது, இருந்தாலும் சொற்பம். ஸ்டூட்ஸைட் என்ற இன்னொரு வெள்ளி டெல்லூரைடு விகிதத்தில் ஹெஸ்ஸைட்டுக்கு அருகில் வரும், தரநிலை இல்லாத இ.டி.எஸ். அதைப் பிரிக்காது.

எதிரொளி விட்டுவைத்த காலவரைட், க்ரென்னரைட் சிக்கலுக்கு வெள்ளியின் எடை சதவீதம் உதவும். காலவரைட்டில் 2.8 வரை, க்ரென்னரைட்டில் 3.4 முதல் 6.2 வரை, சில்வனைட்டில் 6.7 முதல் 13.2 வரை. எல்லை மெல்லியது என்பதைக் கவனியுங்கள்: மணியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பெட்ஸைட்டைக் கதிர் கொஞ்சம் நக்கினாலும் காலவரைட் க்ரென்னரைட்டாகப் “பதவி உயர்வு” பெற்றுவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்த மணிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே மணியில் மூன்று இடம் எடுத்து, மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் பெயர் எழுதுங்கள்.

வெள்ளி அதிகமான மணிகளில் கதிரை ஒரே புள்ளியில் நிறுத்தினால் வெள்ளி நகரும், மேற்பரப்பில் சின்னக் கொப்புளங்கள் எழும். கதிரை 5 மைக்ரான் அளவுக்கு விரித்து, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் பார்த்த மவுண்ட்டை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கார்பன் பூசவேண்டும். தங்கப் பூச்சு போட்டுத் தந்துவிடப் போகிறார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எதிரொளி:

எக்ஸ்கதிர் சொன்னதில் உடன்பாடுதான், ஒன்றைத் தவிர. 10 மைக்ரானுக்குக் குறைந்ததை ஒதுக்கினால் இந்த மாதிரியில் பாதி மணிகள் கணக்கில் வராது. பெயர் வைப்பதற்கு ஒதுக்குங்கள், பரப்பளவு எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“இரண்டே துளி தங்கம்” என்ற கவலைக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. 30 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 707 சதுர மி.மீ. டன்னுக்கு 10 கிராம் தங்கம், தாதுவின் அடர்த்தி 2.7 என்று வைத்தால், எல்லாம் தனித் தங்கமாக இருந்தாலும் அந்தப் பரப்பில் அதன் பங்கு சுமார் 1,000 சதுர மைக்ரான்தான். 20 மைக்ரான் மணியாகச் சொன்னால் மூன்று. அதே தங்கம் முழுவதும் காலவரைட்டில் (எடையில் 43.6 சதவீதம் தங்கம், அடர்த்தி சுமார் 9.2) இருந்தால் 4,750 சதுர மைக்ரான், அதாவது பதினைந்து மணி. ஒரு மவுண்ட்டில் இரண்டு மணி கூடினாலும் குறைந்தாலும் முடிவே மாறிவிடும். தாதுவை நொறுக்கி, சலித்து, கனமான பகுதியைத் தட்டிலோ கனத் திரவத்திலோ பிரித்து அதை மவுண்ட் செய்யுங்கள். ஆனால் இந்த மணிகள் நொறுங்கக்கூடியவை, 20 மைக்ரானுக்குக் கீழான சேற்றில் நிறையப் போய்விடும். சேற்றைக் கொட்டிவிடாமல் தனியாக மதிப்பிடுங்கள்.

உலைக்குகை:

மதிப்பீடு என்றதும் ஒன்று. டெல்லூரியம் அதிகமாக இருந்தால் உலை மதிப்பீட்டிலும் தங்கம் கசடிலும் கியூப்பெலிலும் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் சிறு கிண்ணம்) நழுவும். மாதிரி எடையைக் குறைத்து, லித்தார்ஜை (ஈய ஆக்சைடு) கூட்டி மறுபடி ஓட்டுங்கள். 10 கிராம் என்பதே குறைவான எண்ணாக இருக்கலாம்.

கரைசல் பக்கம்: தங்க டெல்லூரைடு சாதாரண சயனைடு நிலைமையில் மெதுவாகவே கரையும், அதனால் உங்கள் பாதி மீட்பு ஆச்சரியமில்லை. ஆனால் மிச்சம் பைரைட்டுக்குள் பூட்டியிருக்கும் தங்கமாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டு பாட்டில் ஓட்டுங்கள், இரண்டும் ஒரே அரைப்பு. ஒன்று வழக்கமான பி.எச். 10.5, இன்னொன்று சுண்ணாம்பு கூட்டி 12-க்கு மேல், ஆக்சிஜன் ஊதி. 24, 48, 72 மணி நேரத்தில் சிறிய மாதிரி எடுங்கள். இரண்டாவது பாட்டிலில் கோடு மேலே ஏறிக்கொண்டே போனால் டெல்லூரைடு. இரண்டும் ஒரே இடத்தில் தட்டையாக நின்றால் அரைப்பைக் கூட்டி மறுபடி பாருங்கள், பைரைட்டின் மேல்தான் சந்தேகம். இரண்டாவது பாட்டிலின் மிச்சத் தூளையும் ஒரு மவுண்ட் செய்துவையுங்கள். காலவரைட் இருந்த இடத்தில் பழுப்பு நிறப் பஞ்சு போன்ற தங்கம் தெரிந்தால், டெல்லூரியம் போய்விட்டது, தங்கம் கரைய இன்னும் நேரம் கேட்கிறது என்று பொருள்.